விகிதாசாரத் தேர்தல் முறை சிங்கப்பூருக்கு ஏன் வேணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே 3 பொதுத்தேர்தல் முடிஞ்சதுலேர்ந்து கோப்பிக்கடையில, வாட்ஸப் குரூப்ல, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல எல்லாம் நான் இதையே பேசிக்கிட்டு இருக்கேன். கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான், ஆள்தான் வேற. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புறதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உட்கார்ந்தேன்.

விகிதாசார முறைன்னா என்ன, சுருக்கமா சொல்லுங்க?

ஒரு கட்சிக்கு நாடு முழுக்க எத்தனை விழுக்காடு ஓட்டு விழுதோ, நாடாளுமன்றத்துல கிட்டத்தட்ட அத்தனை விழுக்காடு இடம் கிடைக்கணும். அவ்வளவுதான். நூறு இடம் இருக்கு, இருபது விழுக்காடு ஓட்டு வாங்கியிருக்கீங்கன்னா இருபது இடம். இப்ப நம்ம ஊர்ல இருக்கிறது வேற கணக்கு: ஒவ்வொரு தொகுதியிலயும் யார் முந்துறாங்களோ அவங்களுக்கே அந்தத் தொகுதி, ரெண்டாவதா வந்தவங்களுக்கு விழுந்த ஓட்டு அந்த ராத்திரியோட முடிஞ்சது. குழுத்தொகுதியா (பல எம்பிக்களை ஒரே குழுவா தேர்ந்தெடுக்கிற தொகுதி) இருந்தா நாலோ அஞ்சோ இடம் மொத்தமா ஒரே பக்கம் போயிடும்.

இப்ப இருக்கிற முறையில என்னதான் குறை? நல்லாத்தானே போகுது?

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் 2020 பொதுத்தேர்தல். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு நாடு முழுக்க விழுந்த ஓட்டு 11.22 விழுக்காடு, ஜெயிச்ச இடம் 10 (அல்ஜுனிட்ல அஞ்சு, செங்காங்ல நாலு, ஹவ்காங்ல ஒண்ணு). இன்னொரு எதிர்க்கட்சியான சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சிக்கு விழுந்தது 10.18 விழுக்காடு. அவங்க ஜெயிச்ச இடம்? ஒண்ணு கூட இல்ல. ரெண்டு கட்சிக்கும் நடுவுல வித்தியாசம் ஒரு விழுக்காடுதான், ஆனா ஒருத்தருக்குப் பத்து, இன்னொருத்தருக்கு பூஜ்யம், ஏன்னா ஒரு கட்சியோட ஆதரவாளர்கள் வடகிழக்குப் பக்கம் சேர்ந்தாப்ல குடியிருக்காங்க, இன்னொரு கட்சியோட ஆதரவாளர்கள் பரவலா இருக்காங்க. வெஸ்ட் கோஸ்ட்ல அவங்களுக்கு 48 விழுக்காட்டுக்கு மேல விழுந்துச்சு, அப்படியும் அஞ்சு இடமும் ஆளுங்கட்சிக்குப் போச்சு.

இதைக் கவனிங்க, 2020ல பாட்டாளிக் கட்சிக்கு அநியாயம் நடந்துச்சுன்னு நான் சொல்லல. அவங்களுக்கு விகிதாசாரப்படி பார்த்தாலும் பத்து இடம்தான் வரும். நான் பேசறது அந்த இன்னொரு ரெண்டரை லட்சம் ஓட்டைப் பத்தி. ஓட்டுப் போட்டவங்க எந்த புளோக்ல குடியிருக்காங்கங்கிறதை வச்சு அந்த ஓட்டுக்கு மதிப்பு ஏறுது இறங்குதுன்னா அது சரியில்லன்னு எனக்குப் படுது, எந்தக் கட்சிக்குப் போட்ட ஓட்டா இருந்தாலும் சரி.

மொத்தக் கணக்கும் பாத்துடலாம். 2020ல ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சிக்கு (மசெக) 61.24 விழுக்காடு ஓட்டு, 93ல 83 இடம். 2025ல 65.57 விழுக்காடு, 97ல 87 இடம். 1980ல 77.7 விழுக்காடு, 75க்கு 75. அந்தத் தேர்தல்ல அஞ்சுல ஒருத்தருக்கு மேல வேற கட்சிக்குப் போட்டிருக்காங்க, சபையில அவங்களுக்காக ஒரு நாற்காலி கூட இல்ல. அடுத்த வருஷம் 1981ல ஆன்சன் இடைத்தேர்தல்ல ஜே. பி. ஜெயரத்னம் ஜெயிச்ச பிறகுதான் எதிர்க்கட்சியிலேர்ந்து ஒரே ஒருத்தர் உள்ள போனார்.

நீங்க எதிர்க்கட்சி ஆளா?

இல்ல. எந்தக் கட்சியிலயும் உறுப்பினர் இல்ல. நான் ஆளுங்கட்சிக்கும் ஓட்டுப் போட்டிருக்கேன், வேற கட்சிக்கும் போட்டிருக்கேன். அல்ஜுனிட்லயும் ஹவ்காங்லயும் மசெகவுக்கு ஓட்டுப் போடறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, ஹவ்காங் 1991லேர்ந்து எதிர்க்கட்சி கையில இருக்கு, அங்க மசெகவுக்குப் போடற ஓட்டும் இதே மாதிரிதான் ஒண்ணுமில்லாம போகுது. அவங்களுக்காகவும்தான் பேசறேன்.

உங்களுக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறை?

எங்க அம்மாவால. அம்மா கல்யாணம் ஆகி வந்து குடியேறினது தஞ்சோங் பகார் குழுத்தொகுதிக்குள்ள வர்ற ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல. அந்தக் குழுத்தொகுதி 1991ல உருவாச்சு. 1991, 1997, 2001, 2006, 2011, அஞ்சு பொதுத்தேர்தல்லயும் அங்க வாக்குப்பதிவே நடக்கல, போட்டியே இல்லாம போச்சு. அதிபர் தேர்தலுக்கு அம்மா ஓட்டுப் போட்டிருக்காங்க. நாடாளுமன்றத்துக்கு முதல் தடவை போட்டது 2015 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை, அப்ப அவங்களுக்கு ஐம்பது தாண்டியாச்சு. முந்தின நாள் ராத்திரி பழைய காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்பக்கம் ஸ்கேல் வச்சு கட்டம் போட்டு, கிராஸ் கோடு கட்டத்துக்கு வெளிய போகாம எப்படிப் போடறதுன்னு பழகினாங்க, ஒரு பத்துப் பதினஞ்சு கட்டம் இருக்கும். "கோடு வெளிய போனா செல்லாம போயிடுமாடா?"ன்னு என்னைக் கேட்டாங்க. அந்தத் தாளை நான் இன்னும் வச்சிருக்கேன்.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2025லயும் மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ்ல வாக்ஓவர்தான். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல அன்னிக்கு வீட்டுல உட்கார்ந்திருந்தாங்க, அவங்கள்ல என் தங்கச்சியும் ஒருத்தி. கட்சி ஓட்டுன்னு ஒண்ணு நாடு முழுக்க இருந்துச்சுன்னா உங்க தொகுதியில ஒருத்தரே நின்னாலும் அந்த ஓட்டை நீங்க கட்டாயம் போடலாம், யாரும் அதைத் தடுக்க முடியாது.

அதான் தொகுதியில்லா உறுப்பினர் திட்டம் இருக்கே?

இருக்கு, 1984லேர்ந்து இருக்கு, அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன். தோத்தவங்கள்ல ரொம்ப நெருங்கி வந்தவங்களை உள்ள கொண்டு வர்றது அது. இப்ப எதிர்க்கட்சிக்கு ஜெயிச்சது, தொகுதியில்லாதது ரெண்டும் சேர்ந்து குறைஞ்சது 12 பேராவது இருக்கணும்னு சட்டம், 2017லேர்ந்து தொகுதியில்லா உறுப்பினர்களுக்கு மத்த உறுப்பினர்கள் மாதிரியே முழு வாக்குரிமையும் உண்டு. அதாவது தோத்த பக்கத்து ஓட்டுக்கும் சபையில ஒரு இடம் வேணும்ங்கிறதை நம்ம சட்டமே ஒத்துக்கிட்டாச்சு. நான் கேட்கிறது அதை அரைகுறையா விடாதீங்கன்னுதான்.

அரைகுறைன்னு ஏன் சொல்றேன்னா, அது கட்சிக்கு மொத்தமா எவ்வளவு ஓட்டு விழுந்துச்சுன்னு பார்க்காது, எந்தத் தொகுதியில நெருங்கினாங்கன்னுதான் பார்க்கும். 2025ல 10 இடம் ஜெயிச்ச பாட்டாளிக் கட்சிக்கே மிச்சம் ரெண்டும் போச்சு, ஜாலான் காயுலயும் தெம்பனிஸ்லயும் அவங்க நூலிழையில தோத்ததால. 4.89 விழுக்காடு வாங்கின சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சிக்கு ஒண்ணும் இல்ல. அதோட "நீங்க தோத்து உள்ள வந்தவங்கதானே"ங்கிற பேச்சு அவங்களை விடறதே இல்ல.

குழுத்தொகுதி இல்லாம போனா நம்ம இந்தியர்களுக்கு யார் இருப்பா?

நம்ம ஆளுங்க அதிகமா கேட்கிற கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

குழுத்தொகுதி 1988ல வந்தப்ப சொன்ன காரணம், சிறுபான்மையினர் சபையில குறைஞ்சு போயிடக் கூடாதுங்கிறது. ஒவ்வொரு குழுவிலயும் ஒரு மலாய்க்காரரோ இந்தியரோ வேற சிறுபான்மை இனத்தவரோ கட்டாயம் இருக்கணும். அந்த நோக்கம் சரியானதுதான். நாம நூத்துக்கு ஒம்பது பேர் மாதிரி இருக்கோம், அதுவும் 1989லேர்ந்து வீவக இன ஒதுக்கீட்டுக் கொள்கை இருக்கிறதால எந்தப் பேட்டையிலயும் நாம கூட்டமா இல்ல, எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா இருக்கோம். தேக்கா (லிட்டில் இந்தியா) நம்ம இடம்னு சொல்றோம், ஆனா அங்க போறது சாமான் வாங்கவும் கோயிலுக்கும்தான், குடியிருக்கிறது உட்லண்ட்ஸ்லயும் பொங்கோல்லயும் ஜூரோங்லயும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. இப்படிப் பரவிக் கிடக்கிற ஒரு சமூகத்துக்கு நிலத்தைக் கூறு போட்டு ஜெயிக்கிற முறை பொருந்துமா, இல்ல நாடு முழுக்க ஓட்டைக் கூட்டிப் பார்க்கிற முறை பொருந்துமா? ரெண்டாவதுதான். கட்சிப் பட்டியல்ல (விகிதாசாரப்படி கிடைக்கிற இடத்துக்குக் கட்சி கொடுக்கிற பேர் வரிசை) ஒவ்வொரு அஞ்சு பேர்லயும் குறைஞ்சது ஒருத்தர் சிறுபான்மையா இருக்கணும்னு ஒரு விதி போட்டா போதும், குழுத்தொகுதி கொடுக்கிற அதே பாதுகாப்பு அப்படியே வந்துடும், ஆனா தோத்த பக்கத்து ஓட்டைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் இருக்காது. நியூசிலாந்துல 1996ல விகிதாசாரத்துக்கு மாறின பிறகு மாவோரி (அங்கத்துப் பூர்வகுடி) உறுப்பினர்கள் எண்ணிக்கை கூடுச்சு, கட்சிகளே அவங்களைப் பட்டியல்ல முன்னாடி போட்டாங்க, ஏன்னா அவங்க ஓட்டு ஒவ்வொண்ணும் இப்ப கட்சிக்கு வேணும்.

இன்னொண்ணும் சொல்லணும், தனித்தொகுதியில நம்ம ஆளு ஜெயிக்கவே முடியாதுன்னும் இல்ல. ஆன்சன்ல ஜெயரத்னம், 2016 புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தல்ல முரளி பிள்ளை.

இனக் கட்சிகள் முளைச்சிடாதா?

இது நியாயமான பயம். 1964 இனக் கலவரத்தைப் பார்த்தவங்க இன்னும் நம்ம வீடுகள்ல இருக்காங்க, அவங்க முன்னாடி நான் இதை லேசா பேச மாட்டேன். பட்டியலுக்குள்ள எல்லா இனமும் இருக்கணும்ங்கிற விதியும், அஞ்சு விழுக்காட்டுக்குக் கீழ வாங்கினா இடம் இல்லங்கிற வரம்பும் சேர்ந்தா, ஒரே இனத்தை மட்டும் நம்பி ஒரு கட்சி நடத்துறது ரொம்பக் கஷ்டம். ஜெர்மனி, நியூசிலாந்து ரெண்டுலயும் இந்த அஞ்சு விழுக்காட்டு வரம்பு இருக்கு.

ஆனா இன்னொரு பக்கமும் பாருங்க. எங்க தாத்தா யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்தவர், அதனால 1977 இலங்கைத் தேர்தல் எங்க வீட்டுல அடிக்கடி அடிபடும். அப்ப அங்கயும் முந்தினவருக்கே தொகுதிங்கிற முறைதான். ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஓட்டு கிட்டத்தட்ட பாதி, 168ல 140 இடம். சுதந்திரக் கட்சிக்கு 30 விழுக்காடு மாதிரி ஓட்டு, வெறும் 8 இடம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு ஏழு விழுக்காடு கூட இல்ல, 18 இடம், அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். முப்பது விழுக்காடு வாங்கின கட்சிக்கு எட்டு, ஏழு விழுக்காடு வாங்கின கட்சிக்குப் பதினெட்டு! ஓட்டு ஒரே பகுதியில குவிஞ்சிருந்தா அந்த முறை அதைப் பெருசாக்கிக் காட்டும், பரவி இருந்தா அழிச்சிடும். ஒரு பக்கம் ஆறுல அஞ்சு பங்கு பெரும்பான்மை, எதிர்ப்பக்கம் ஒரே இனத்தோட கட்சி, நடுவுல பேசறதுக்கு யாரும் இல்ல. இனத்தையும் இடத்தையும் ஒண்ணாக்கி அரசியல் பண்ண வச்சது பழைய முறைதான்.

1978 அரசியலமைப்புல அங்க விகிதாசாரம் வந்துச்சு, ஆனா 1982ல ஒரு வாக்கெடுப்பு வச்சு அந்த நாடாளுமன்றத்தையே நீட்டிச்சதால முதல் விகிதாசாரத் தேர்தல் 1989லதான் நடந்துச்சு. அதுக்குள்ள போர் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆயிடுச்சு. விகிதாசாரம் இருந்திருந்தா போரே வந்திருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்குக் காரணம் ஆயிரம். தேர்தல் முறை அந்த நெருப்பை அணைக்க உதவலங்கிறது மட்டும் உறுதி.

கூட்டணி ஆட்சி வந்து நாடு ஆட்டம் கண்டுடுமே?

கணக்கைப் பாருங்க. 1968லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் மசெக அறுபது விழுக்காட்டுக்குக் கீழ இறங்கினதே இல்ல, 2011லகூட 60.14. முழு விகிதாசாரம் இருந்திருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அவங்களே தனியா ஆட்சி அமைச்சிருப்பாங்க, கூட்டணிக்கு அவசியமே வந்திருக்காது. மாறியிருக்கக் கூடியது ஒண்ணுதான்: மூணுல ரெண்டு பங்கு. அரசியலமைப்பைத் திருத்த அது வேணும். 2025ல 65.57 விழுக்காடு, மூணுல ரெண்டுக்கு ஒரு விழுக்காடு குறைவு, அப்ப திருத்தம் கொண்டு வரணும்னா இன்னும் ஒண்ணு ரெண்டு பேரையாவது எதிர்ப்பக்கத்துலேர்ந்து சம்மதிக்க வைக்கணும். அது ஆட்டம் இல்ல, நாட்டோட அடிப்படைச் சட்டத்தை மாத்தறதுக்கு அந்த அளவு பேச்சுவார்த்தை நடக்கத்தான் வேணும்.

எனக்கே பதில் சொல்லக் கஷ்டமா இருக்கிறது 1963தான். அப்ப 46.9 விழுக்காட்டுக்கு மசெகவுக்கு 51ல 37 இடம். விகிதாசாரமா இருந்திருந்தா பெரும்பான்மை கிடைச்சிருக்காது, மலேசியா இணைப்பு, இந்தோனேசியாவோட மோதல்னு எல்லாம் நடந்துக்கிட்டு இருந்த நேரத்துல கூட்டணி பேசிக்கிட்டு இருந்திருக்கணும். அன்னிக்கு இருந்தவங்க இதைச் சொன்னா நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனா அறுபது வருஷத்துக்கு முந்தின ஒரு இக்கட்டுக்காக இன்னிக்கு வரைக்கும் ஓட்டைக் குறைச்சு எண்ணணும்னு இல்லையே.

எம்பி தொகுதிக்குள்ள இல்லன்னா மக்கள் சந்திப்புக்கு யார்கிட்ட போறது? லிஃப்ட் ரிப்பேருக்கு யாரைக் கேக்கறது?

தொகுதி போகாது. நான் கேட்கிறது ரெண்டும் கலந்த முறை. நியூசிலாந்துல ஒரே வாக்குச்சீட்டுல ரெண்டு ஓட்டு: இடது பக்கம் கட்சிக்கு, வலது பக்கம் உங்க தொகுதி வேட்பாளருக்கு. தொகுதியில ஜெயிச்சவர் தொகுதி எம்பி, வாராவாரம் மக்கள் சந்திப்பு நடத்துவார், நகர மன்றத்தைப் பார்த்துப்பார். கட்சி ஓட்டோட விழுக்காட்டுக்கும் ஜெயிச்ச இடத்துக்கும் நடுவுல இருக்கிற குறையைப் பட்டியல்லேர்ந்து நிரப்புவாங்க.

நியாயமா சொன்னா மக்கள் சந்திப்பு இதனால நல்லாத்தான் ஆகும். இப்ப அஞ்சு பேர் கொண்ட குழுத்தொகுதியில யார் ஜெயிச்சாலும் அஞ்சு பேரும் ஒரே கட்சி. அதுக்குப் பதிலா எல்லாமே தனித்தொகுதியா இருந்தா உங்க எம்பி யாருன்னு உங்களுக்குத் தெரியும், அவரை மட்டும் மாத்தணும்னா மாத்தலாம்.

அந்த இடத்தை எப்படிப் பிரிப்பாங்க? கணக்கு எனக்குப் புரியல.

ஒரு வழி பெல்ஜியம்காரர் விக்டர் டோண்ட் சொன்னது. பேப்பர்ல போட்டுப் பாருங்க. அஞ்சு இடம். ஒரு கட்சிக்கு 60,000 ஓட்டு, ரெண்டாவதுக்கு 38,000, மூணாவதுக்கு 22,000. ஒவ்வொண்ணையும் 1, 2, 3ன்னு வகுத்துக்கிட்டே போங்க. முதல் கட்சிக்கு 60,000, 30,000, 20,000, 15,000. ரெண்டாவதுக்கு 38,000, 19,000. மூணாவதுக்கு 22,000, 11,000. இதுல பெரிய அஞ்சு எண்ணைப் பொறுக்குங்க: 60, 38, 30, 22, 20 ஆயிரம். அப்ப முதல் கட்சிக்கு மூணு, மத்த ரெண்டுக்கும் ஆளுக்கு ஒண்ணு. இப்ப இருக்கிற குழுத்தொகுதி முறையில முதல் கட்சிக்கு அஞ்சும் போயிருக்கும், சரி பாதிப் பேர் வேற கட்சிக்குப் போட்டிருந்தும். தொடக்கநிலை அஞ்சு படிக்கிற பிள்ளைகிட்ட கொடுத்தா போட்டுடும்.

பட்டியல்ல யாருக்கும் தெரியாத ஆளுங்க உள்ள வந்துடுவாங்களே?

குழுத்தொகுதியில அமைச்சர் ஒருத்தரை முன்னாடி நிறுத்தி, புதுசா வந்தவங்களும் அவரோட சேர்ந்து ஜெயிச்சு வர்றது இப்பவே நடக்கிறதுதான். பட்டியல்ல பேர் வரிசை தேர்தலுக்கு முன்னாடியே வெளிய தெரியும், பிடிக்கலன்னா அந்தக் கட்சிக்குப் போடாதீங்க. இலங்கையில விருப்பு வாக்குன்னு கொடுத்து பட்டியலுக்குள்ளயும் மக்களே ஆளைப் பொறுக்கறாங்க, ஆனா அதுல ஒரே கட்சிக்காரங்களே ஒருத்தரை ஒருத்தர் காலை வாரி விடறதும் நடக்குது. எனக்கு மூடின பட்டியலே (கட்சி போட்ட வரிசை அப்படியே இருக்கிறது) போதும்னு தோணுது, நம்ம ஊர் அளவுக்கு.

இந்தியாவுல இதே பழைய முறைதானே, அங்க நல்லாத்தானே நடக்குது?

நடக்குதா? 2014 மக்களவைத் தேர்தல்ல தமிழ்நாட்டுல திமுகவுக்கு 23 விழுக்காட்டுக்கு மேல ஓட்டு, 39ல ஒரு இடமும் இல்ல. அதிமுகவுக்கு 44 விழுக்காடு, 37 இடம். 2021 சட்டமன்றத் தேர்தல்ல நாம் தமிழர் ஆறரை விழுக்காடு வாங்கி மூணாவது இடம், கையில பூஜ்யம். கட்சி எதுவா வேணா இருக்கட்டும், அத்தனை லட்சம் பேர் வரிசையில நின்னு போட்டது. பக்கத்துல மலேசியாவுல 2013ல பாதிக்கு மேல ஓட்டு வாங்கின பக்காத்தான் கூட்டணி 222ல 89 இடத்தோட எதிர்க்கட்சி வரிசையில உட்கார்ந்துச்சு.

தொகுதி எல்லையை மாத்தறது பத்தி?

ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாடியும் எல்லை மறுஆய்வுக் குழு அறிக்கை வரும். 1997ல செங் சான் குழுத்தொகுதியில எதிர்க்கட்சி 45 விழுக்காடு வாங்குச்சு, 2001ல அந்தத் தொகுதியே இல்ல. ஜூ சியாட்ல 2011ல 388 ஓட்டு வித்தியாசம், 2015ல மரின் பரேட்ல சேர்ந்துடுச்சு. மக்கள்தொகை மாறறதால எல்லையும் மாறத்தான் செய்யும், யாரையும் நான் குத்தம் சொல்லல. ஆனா கட்சி ஓட்டு நாடு முழுக்க ஒண்ணா எண்ணப்பட்டா கோடு எங்க போட்டாலும் மொத்தக் கணக்கு மாறாது, இந்தச் சந்தேகம் முழுக்கவே போயிடும்.

இதெல்லாம் நடக்கற காரியமா?

நியூசிலாந்துல 1978லயும் 1981லயும் ஓட்டு கம்மியா வாங்கின கட்சி ஆட்சிக்கு வந்துச்சு. 1981ல இன்னொரு கட்சி 20 விழுக்காட்டுக்கு மேல வாங்கி 92ல 2 இடம். ஜனங்க கேள்வி கேட்டாங்க, 1986ல ஒரு அரச ஆணையம் அறிக்கை கொடுத்துச்சு, 1992லயும் 1993லயும் மக்கள்கிட்டயே வாக்கெடுப்பு, 1996ல முதல் தேர்தல். 2011ல திரும்பவும் கேட்டாங்க, 57 விழுக்காட்டுக்கு மேல இதுவே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. பத்துப் பதினஞ்சு வருஷ வேலை. நம்ம ஊர்லயும் முதல்ல கேட்க வேண்டியது ஒரு அரசியலமைப்பு ஆணையம்தான், 1966ல தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில இருந்த மாதிரி. உங்க எம்பியோட மக்கள் சந்திப்புக்குப் போய் இதைக் கேட்கலாம், நான் ரெண்டு தடவை கேட்டிருக்கேன், பொறுமையா உட்கார்ந்து கேட்டுக்கிட்டாங்க.

ஒரு எம்பி நடுவுல விலகிட்டா, இல்ல இறந்துட்டா என்ன ஆகும்?

பட்டியல் எம்பின்னா அடுத்த பேர்ல இருக்கிறவர் உள்ள வருவார், தொகுதி எம்பின்னா இடைத்தேர்தல். இப்ப குழுத்தொகுதியில ஒருத்தர் மட்டும் போனா இடைத்தேர்தல் கிடையாது. 2017ல ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலுக்காக விலகினாங்க, மார்சிலிங் - இயூ டீ குழுவுல சிறுபான்மை உறுப்பினர் அவங்கதான். விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போச்சு, இடைத்தேர்தல் நடத்தணும்னு சட்டத்துல இல்லன்னு தீர்ப்பாச்சு. 2020 வரைக்கும் அந்தக் குழுவுல ஒரு சிறுபான்மை உறுப்பினர் கூட இல்ல. பட்டியல் இருந்திருந்தா அடுத்த வாரமே ஒருத்தர் வந்து உட்கார்ந்திருப்பார்.